முதலில் வண்டி, அப்புறம் டீ

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துப் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் 19 வருடமாகத் தீயணைப்பு வேலை பார்க்கிறேன். எங்கள் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். "ராத்திரி ஷிப்டை எப்படித் தாங்குறீங்க மாமா?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஷிப்ட் மாறுவதற்கு அரைமணி முன்னாலேயே போய்விடுங்கள். மூச்சுக் கருவியின் சிலிண்டரை நீங்களே திறந்து, காற்றழுத்தம் காட்டும் முள்ளைப் பாருங்கள். அழுத்தத்தை 'பார்' என்ற அளவில் சொல்வோம். 300 பார் சிலிண்டர் என்றால் முள் 300 பக்கத்தில் நிற்க வேண்டும். "போன ஷிப்ட் பார்த்துட்டாங்க" என்ற பேச்சை நம்பி உள்ளே போகாதீர்கள். முகமூடியின் பட்டைகளை முழுக்கத் தளர்த்தி மாட்டி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் முறுக்கிக் கிடக்கும் பட்டையைப் பிரிக்க விரல் ஒத்துழைக்காது. பூட்ஸைக் கால்சட்டைக்குள்ளேயே நிறுத்தி வைத்தால் இரண்டு காலையும் ஒரே மூச்சில் நுழைத்துவிடலாம்.

சாப்பாடு அளவாக இருக்கட்டும். வீட்டில் எனக்குச் சோறும் பருப்பும் கட்டிக் கொடுப்பார்கள். வயிறு நிறையப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அத்தனை கனமான உடையில் ஓட முடியாது. தண்ணீர் மட்டும் தாகம் எடுக்குமுன்பே குடியுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஒரு தீயை அணைத்துத் திரும்பியதும் உடம்பு உட்காரத்தான் சொல்லும். உட்காராதீர்கள். சிலிண்டரை மாற்றுங்கள், நனைந்த ஹோஸை எடுத்துவிட்டுக் காய்ந்ததை அடுக்குங்கள், தொட்டியில் தண்ணீர் நிரப்புங்கள். டீ அதற்கு அப்புறம்தான். சேர்ந்த இரண்டாம் வருடம் நான் இதைச் செய்யவில்லை. பாதி டீ குடிப்பதற்குள் அடுத்த மணி அடித்தது. புகைக்குள் போன கொஞ்ச நேரத்திலேயே என் மூச்சுக் கருவியின் எச்சரிக்கை விசில் கத்த ஆரம்பித்தது. 55 பார் அளவுக்குக் காற்று இறங்கினால் அது கத்தும். என்னோடு உள்ளே வந்தவரும் தேடலைப் பாதியில் விட்டு என்னுடன் வெளியே வர வேண்டியதாயிற்று. அந்த வீட்டில் யாரும் இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

தகரக் குடிசைப் பகுதிகளில் தீ ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குச் சில நிமிடத்தில் தாவிவிடும். மெழுகுவத்தி சாய்ந்தாலோ மண்ணெண்ணெய் அடுப்பு கவிழ்ந்தாலோ போதும். ஆனால் அங்கே முதலில் காலடியைப் பாருங்கள். திருட்டு இணைப்பு வயர்கள் சந்து மண்ணுக்குள் ஓடும், மின்சாரம் இருக்கும். ஹோஸிலிருந்து தண்ணீர் பாயும் முன்பே அதைக் கவனித்துச் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். அங்கே பேசும் சூலு மொழியில் இரண்டு வார்த்தையாவது தெரிந்துகொள்ளுங்கள். 'உம்லிலோ' என்றால் தீ, 'பூமானி' என்றால் எல்லோரும் வெளியே வாருங்கள். பயத்தில் கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும் பிள்ளைக்கு அதன் சொந்த மொழிதான் காதில் ஏறும். புகைக்குள் தவழ்ந்தே போங்கள், ஒரு கை சுவரை விட்டு விலகக் கூடாது. மூடிய கதவைத் திறக்குமுன் சூடு பாருங்கள்.

சமையலறையில் எண்ணெய்ச் சட்டி பற்றியிருந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1700 லிட்டராக விரியும், எரியும் எண்ணெயை அப்படியே முகத்துக்கு வீசிவிடும். அடுப்பை அணைத்துச் சட்டியை மூடி போட்டு மூடினால் போதும். வீட்டுக்காரர்களுக்கும் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள். அழைக்கும் எண் 10177, கைப்பேசியிலிருந்து 112 என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கரியை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தீயணைப்பு வேலையே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-இல் வகைப்படுத்தியது. அதனால் அந்த இடத்திலேயே உடையைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கழுத்து, காதுப் பின்புறம், மணிக்கட்டு எல்லாம் துடையுங்கள். ஸ்டேஷனில் குளித்து மாற்றுத்துணி போட்ட பிறகுதான் காரில் ஏறுவேன். என் மகள் வாசலிலேயே வந்து கட்டிக்கொள்வாள், அவள் முகம் பதிகிற இடம் என் கழுத்துதான்.

காலையில் வேலையை ஒப்படைக்கும்போது ஓட்டை ஹோஸ், தீர்ந்துபோன டார்ச் பேட்டரி, கால்வாசி தண்ணீர் குறைந்த தொட்டி என்று ஒவ்வொன்றையும் வருகிறவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் தலையாட்டினால் மட்டும் கிளம்பிவிடாதீர்கள், வண்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.