ரேம் வாங்கியதும் பயாஸில் இதை ஆன் செய்யுங்கள்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் 6000 வேக டிடிஆர்5 ரேம் வாங்கி மாட்டியவர்கள், உடனே பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கக்கூடிய அடிப்படை செட்டிங் மெனு) போய் எக்ஸ்எம்பி ஆப்ஷனை ஆன் செய்துவிடுங்கள். ஏஎம்டி போர்டு என்றால் அதன் பெயர் எக்ஸ்போ. செய்யாவிட்டால் ரேம் பெரும்பாலும் 4800-இலேயே ஓடும். கூடுதலாகக் கொடுத்த காசு வீண். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைப் பார்த்தால் இப்போதைய வேகம் தெரியும்.

ரேமிலேயே உள்ள ஒரு சின்ன சிப்பில், தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்த வேகம், டைமிங் (ரேம் பதில் தர எடுக்கும் தாமதம்), வோல்டேஜ் எல்லாம் பதிந்திருக்கும். அந்த ஆப்ஷன் அவற்றை மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. கையால் ஒவ்வொரு டைமிங்காகக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரேமில் பிழை வருகிறதா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ மணிக்கணக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்படியும், ஏசி இல்லாத அறையில் மார்கழியில் தாங்கிய செட்டிங் கத்திரி வெயிலில் தடுமாறலாம். கேமுக்கும் ஆபீஸ் வேலைக்கும் அந்தப் பாடு தேவையே இல்லை.

பெரும்பாலான லேப்டாப்களிலும் பிராண்டட் ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலும் இந்த ஆப்ஷன் இருக்காது. வெவ்வேறு செட் ரேம்களைக் கலந்து மாட்டியிருந்தாலோ, நான்கு ஸ்லாட்டும் நிரம்பியிருந்தாலோ அந்த முழு வேகத்தில் நிலையாக ஓடும் என்று நம்ப முடியாது. ஸ்கிரீனே வராமல் போனால் சிமாஸ் கிளியர் செய்யுங்கள் (மதர்போர்டில் சேமித்த பயாஸ் செட்டிங்குகளை அழிப்பது), பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும்.