நண்டுச் சதையில ஓடு: யார் மேல தப்பு?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு நண்டுக் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனபோது எனக்கு வயது 27. சதை எடுக்கும் மேசையில் 14 பெண்கள்; பாதிப் பேருக்கு என் சித்தி வயது. பதவி வந்ததும் குரலும் ஏறிவிட்டது. டப்பாவில் ஓட்டுத் துண்டு கிடந்தால் எல்லார் முன்னாலும் பேர் சொல்லிக் கத்துவேன். ஓடு குறையவில்லை, மேசையில் பேச்சுதான் குறைந்தது.

ஒருநாள் நானும் கத்தியை எடுத்துக்கொண்டு மூத்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் என் தட்டில்தான் ஓடு அதிகம். அக்கா சிரித்துவிட்டார். "சூடு ஆறலையே தம்பி. சதை உதிருது, ஓடும் கூடவே வருது. இத யார்ட்ட சொல்றது?"

எடை சீக்கிரம் ஏற வேண்டும் என்று, அவித்த நண்டை ஆறுமுன்னே மேசைக்கு அனுப்பச் சொன்னது நான்தான்!

மறுநாள் தப்பு என்னுடையது என்று எல்லாரிடமும் சொன்னேன். (வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.) நண்டு ஆறிய பிறகே கூடை மேசைக்கு வந்தது. வேலை தொடங்குமுன் 5 நிமிடம், நேற்று என்ன சிக்கல் என்று கேட்பேன், பேசுவது அவர்கள். குறை இருந்தால் தனியாகச் சொல்வேன். முதலாளி அவசரப்படுத்தினால் அதை மேசைக்குக் கடத்துவதில்லை. இதுதான் இன்னும் கஷ்டம்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எங்களுக்கு நண்டு வரத்து சுருங்கும், எல்லாருக்கும் தினமும் வேலை இருக்காது. முன்பு பட்டியலை நானே எழுதி ஒட்டுவேன், சண்டை வரும். இந்த முறை தாளை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். முதல் வாரம் முழுக்கக் கைக்குழந்தைக்காரியின் பேரை எழுதியிருந்தார் அக்கா.