ராக்வெல் எழுத்துருவைத் தலைப்பில் கையாளும் முறை

எழுத்தின் கோடு முடியும் இடத்தில் உள்ள பாதம் மெலிந்து வளையாமல், செங்கோணத்தில் வெட்டிய கட்டை போல் நிற்பதே ஸ்லாப் செரிஃப் வகையின் அடையாளம். லண்டன் அச்செழுத்து வார்ப்பாளர் வின்சென்ட் ஃபிகின்ஸ் 1815 வாக்கில் இவ்வகையை வெளியிட்டார். தொலைவிலிருந்தே கண்ணில் பட வேண்டிய விளம்பரத் தாள்களுக்கு அது மிகவும் ஏற்றதாக இருந்தது. மோனோடைப் எழுத்துரு நிறுவனம் 1934இல் கொண்டுவந்த ராக்வெல் என்ற ஆங்கில எழுத்துரு இதே மரபில் வந்தது. எனினும், அதன் ‘ஓ’ (O) ஏறக்குறைய முழு வட்டமாகவும், பெரிய ‘ஏ’யின் (A) உச்சி கூட ஒரு கட்டையைத் தாங்கியும் இருப்பதால் அதை எளிதில் இனங்காணலாம்.

இதன் எக்ஸ்ட்ரா போல்ட் எனும் மிகத் தடித்த வடிவத்தை மூன்று நான்கு சொற்களுக்கு மேல் நீட்டாமல் பயன்படுத்துவது நல்லது. தடித்த கோடுகளும் கட்டைகளும் சேர்ந்து எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தை விழுங்கிவிடுவதால், சிறிய அளவில் ‘ஈ’ (e), ‘எஸ்’ (s) போன்ற சிற்றெழுத்துகள் கறையாகத் தெரியும். பத்தி முழுவதையும் இதில் அமைப்பது வாசகரை விரட்டுவதற்குச் சமம். கருமையான பின்னணியில் வெள்ளை எழுத்து மேலும் பருத்துத் தோன்றும் என்பதால், அங்கே ஒரு படி இறங்கி போல்ட் வடிவத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது எழுத்து இடைவெளியில்தான். முழுவதும் பெரிய எழுத்துகளில் அமைந்த தலைப்பில் ‘எல்’லை (L) அடுத்து ‘ஏ’ (A) வந்தால், அடியில் இரண்டின் பாதங்களும் முட்டிக்கொள்ள, மேலே பெரிய பள்ளம் விழுகிறது. மென்பொருள் தரும் இடைவெளியை அப்படியே நம்பாமல், முதலில் சொல் முழுவதையும் சற்றே தளர்த்தி, பாதங்கள் ஒன்றையொன்று தொடாத நிலையை உறுதிசெய்த பிறகு, பள்ளம் தெரியும் இணைகளை ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டும்.

இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கினால் செங்குத்துக் கோடுகள் மட்டும் மெலிந்து, இந்த எழுத்துருவின் உயிரான சமப் பருமன் சிதைந்துபோகும். அதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கண்டென்ஸ்ட் எனும் ஒடுங்கிய வடிவம் இருக்கிறது. எக்ஸ்ட்ரா போல்டின் மேல் மீண்டும் எழுத்தைத் தடிக்கவைக்கும் ‘பி’ (B) பொத்தானை அழுத்துவதும் இதே வகைக் கேடு.

உடன்வரும் பத்திக்கு கில் சான்ஸ் போன்ற பாதமற்ற எழுத்துரு பொருந்தும். இன்னொரு ஸ்லாப் செரிஃபைச் சேர்த்தால் இரண்டும் சண்டையிடும். ராக்வெல்லில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆகவே இருமொழிச் சுவரொட்டியில், கோட்டின் பருமன் பெரிதாக மாறாத கேடமரன் போன்ற தமிழ் எழுத்துருவின் தடித்த வடிவத்தை எடுத்து, எழுத்தளவைக் குறிக்கும் பாயின்ட் எண்ணைப் பாராமல், இரண்டு வரிகளின் கருமையும் கண்ணுக்கு ஒத்துவரும் வரை அளவை மாற்றிப் பார்க்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் ஆபிஸுடன் ராக்வெல் வந்தாலும், இணையதளத்தில் பதிக்கத் தனி உரிமம் வேண்டும். கட்டணமின்றித் தேடுவோருக்கு, திறந்த உரிமத்தில் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் ராக்கிட் ஓரளவு நெருங்கிய மாற்றாகும்.