பழைய பென்ஸ் காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால்

கிராணி (எழுத்தர்) வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஈபிஎஃப் சேமநிதிப் பணத்தில் ஆசைக்கு ஒரு பென்ஸ் வாங்கினேன். 2005ஆம் ஆண்டு இ கிளாஸ், ஏர்மேட்டிக் வைத்தது. சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நான்கு மூலையிலும் காற்றடைத்த ரப்பர் பை. கார் விலை இறங்கியிருந்தது. சாமான் விலை இறங்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

எங்கள் ஊரான சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில் (எனக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) செம்பனைக் குலை லோரிகள் போய்ப்போய் சாலையெல்லாம் குழி. ஆனால் ரப்பர் பையைக் குழியைவிட வயதுதான் கொல்கிறது. எட்டு, பத்து வருடத்தில் மடிப்பில் வெடிப்பு விடும்.

இரவு காரை நிறுத்தியதும் தையல் டேப்பால் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் விரலளவு இறங்கியிருந்தால் அங்கேதான் காற்று கசிகிறது. பாத்திரம் கழுவும் சோப்பு நுரையைப் பையின் மடிப்பிலும், மேலே காற்றுக்குழாய் சேரும் இடத்திலும் தடவிப் பாருங்கள். குழாய் மூட்டில் குமிழி வந்தால் அதிர்ஷ்டம், சில்லறைச் செலவு. மடிப்பில் வந்தால் பை போய்விட்டது.

கார் அடியில் கையை விடும்போது ஜேக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள். காற்று இறங்கினால் கார் சட்டென்று உட்கார்ந்துவிடும்.

நான் செய்த தப்பு, "கார் உங்களுக்குக் கும்பிடு போடுதுங்க" என்று மனைவி சிரித்தபோது நானும் சிரித்துவிட்டு மூன்று மாதம் ஓட்டியது. கசிவை ஈடுகட்ட ஓடி ஓடி, பைக்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸரும் கருகியது. முன்பக்கப் பை ஒன்றுக்கு ஒரிஜினல் 4,800 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். வெளிக் கம்பெனி சாமான் 1,600 வெள்ளிக்குப் போட்டேன். கம்ப்ரஸருக்கு இன்னொரு 1,300. உடனே பார்த்திருந்தால் இந்தக் கடைசித் தொகை மிச்சம்.

பழைய காரிலிருந்து கழற்றிய சாமான் விற்கும் ஹாஃப் கட் கடையில் பை மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். அந்த ரப்பருக்கும் உங்கள் ரப்பரின் வயதுதான். சக்கரத்தைத் தாங்கும் லோவர் ஆர்ம், அதன் மூட்டான பால் ஜாயிண்ட் மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றி, சக்கர அலைன்மென்டும் செய்துவிடுங்கள். மேட்டில் ஏறும்போது 'டொக்' என்றால் முதலில் அவற்றை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் போமன் (மெக்கானிக்) எடுத்த எடுப்பில் பையைத்தான் காட்டுவார்.