பிள்ளையின் பையில் கத்தி கண்டால் என்ன செய்வது? இங்கிலாந்துத் தமிழ்ப் பெற்றோருக்கு

லண்டனிலோ பேர்மிங்ஹாமிலோ லெஸ்டரிலோ செக்கண்டரி ஸ்கூலுக்குப் போகிற பிள்ளையை வைத்திருக்கும் அம்மா அப்பாவுக்காக எழுதுகிறேன். "எங்கட பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை" என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். கத்தி கொண்டு திரியும் பிள்ளைகளில் பலர் யாரையும் குத்தக் கிளம்பியவர்கள் இல்லை, பயத்தில் வைத்திருக்கிறார்கள். பஸ் ஸ்டொப்பில் யாரோ போனைப் பறித்திருப்பான், ஸ்னாப்சாட்டில் மிரட்டி ஒரு வீடியோ வந்திருக்கும், வீட்டில் சொன்னால் ஏச்சுத்தான் விழும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். அடுத்த கிழமை குசினியில் மரக்கறி வெட்டுகிற கத்தி ஒன்று குறையும். அந்தப் பயத்தைக் கவனிக்காமல் கத்தியை மட்டும் பறித்தால் அவன் வேறொன்று தேடுவான்.

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். வைட்சப்பல் ரோயல் லண்டன் மருத்துவமனை டொக்டர்கள் 2004 முதல் 2014 வரை கத்திக்குத்தோடு வந்த 25 வயதுக்குட்பட்ட 1,824 பேரின் விபரங்களை எடுத்துப் பார்த்தார்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் அதிகமாகக் குத்துப்பட்ட நேரம் பின்னேரம் 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில், அதாவது ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வரும் நேரம். நம்மில் எத்தனையோ வீடுகளில் அந்த நேரம் அப்பா கடையில், அம்மா ஷிஃப்டில். வேலையை விடச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு மணித்தியாலம் பிள்ளை எங்கே, யாரோடு, எந்த பஸ்ஸில் வருகிறான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கூல் கிளப், ஃபுட்போல், லைப்ரரி, ஒரு சித்தப்பா வீடு, எதுவாக இருந்தாலும் சரி. "அந்த ரோட்டால வர மாட்டன்" என்று ஒருநாள் சொன்னால் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடாமல் ஏன் என்று கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும், பிள்ளைக்கும் தெரிய வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10 வயதிலிருந்தே ஒரு பிள்ளை மீது குற்றம் சுமத்தலாம். தக்க காரணமில்லாமல் பொது இடத்திலோ ஸ்கூலிலோ கத்தி வைத்திருந்தால், வளர்ந்தவருக்கு 4 வருடம் வரை சிறை கிடைக்கலாம். "என்ர பாதுகாப்புக்கு வைச்சிருந்தனான்" என்பதைச் சட்டம் காரணமாக எடுக்காது. ஸொம்பி பாணிக் கத்தி என்கிற, ரம்பப் பல் மாதிரி மிரட்டும் அமைப்புள்ள நீளக் கத்தியை 2024 செப்டம்பரிலிருந்து வீட்டு அலுமாரிக்குள் வைத்திருப்பதே குற்றம். இன்னொன்று, கூட்டமாகப் போய் ஒருவன் குத்தினால், கத்தியைத் தொடாத மற்றவன் மீதும் கொலை வழக்கு வரலாம்; குத்தியவனுக்கு அவன் வேண்டுமென்றே துணை நின்றான் என்று நிரூபித்தால் தண்டனையும் கிடைக்கும்.

இதை எப்படிப் பேசுவது? சாப்பாட்டு மேசையில், மாமா மாமி முன்னால் வேண்டவே வேண்டாம். காரில் போகும்போது பேசுவது நல்லது, முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. "நீ கத்தி வைச்சிருக்கிறியா" என்று தொடங்கினால் "இல்லை" என்பதோடு கதை முடிந்துவிடும். "தம்பி, உங்கட ஸ்கூலில யாராவது கத்தி கொண்டு வாறவங்களா? அதைப் பார்க்க உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் வாயை மூடிக்கொண்டிருங்கள். அவன் பேசத் தொடங்கியதும் நடுவில் புத்தி சொல்லாமல் இருப்பதுதான் நமக்கு இருக்கிற பெரிய கஷ்டம். பெண் பிள்ளைகளிடமும் இதே கதையைக் கதையுங்கள், பெடியங்கள் தங்கள் கத்தியை அவர்களிடம் கொடுத்து வைக்கச் சொல்வதுண்டு.

சரி, கத்தி கையில் கிடைத்தே விட்டது. கத்தாதீர்கள், அடிக்காதீர்கள், அன்றிரவே முழு வீட்டையும் கூட்டாதீர்கள். கத்தியை எடுத்துத் தடித்த கார்ட்போர்டில் சுற்றி டேப் ஒட்டிப் பூட்டி வையுங்கள். அதை ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு நீங்களே ரோட்டில் நடப்பதும் சிக்கலாகலாம், அதனால் பொலிஸின் அவசரமற்ற இலக்கமான 101ஐ அழைத்து எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம். பல இடங்களில் கத்தி போடுவதற்கென்றே பூட்டிய இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன, அங்கே பெயர் கேட்க மாட்டார்கள். ஆனால் கத்தியில் இரத்தம் இருந்தால், அல்லது ஏதோ நடந்துவிட்டது என்று சந்தேகம் இருந்தால், கழுவாதீர்கள், எறியாதீர்கள். பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து அப்படிச் செய்தால் உங்கள் மீதே வழக்கு வரும். முதலில் ஒரு சொலிசிட்டரைப் பிடியுங்கள். பொலிஸ் ஸ்டேஷனில் விசாரித்தால் சொலிசிட்டர் இலவசம், 18 வயதுக்குட்பட்டவனோடு ஒரு பெரியவர் கூட இருக்கவும் வேண்டும். சொலிசிட்டர் வரும்வரை பிள்ளை கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

கத்திக்குப் பின்னால் போதைப்பொருள் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் வாங்கிக் கொடுக்காத இரண்டாவது போன், விலை கூடிய சப்பாத்து, கேள்விப்படாத ஊருக்கு ரெயின் டிக்கெட், இரண்டு இரவு காணாமல் போய்த் திரும்பி வருவது, இவைதான் அடையாளம். குழுக்கள் பிள்ளைகளை வைத்து வேறு ஊர்களுக்குப் போதைப்பொருள் கடத்துவதைக் கவுன்டி லைன்ஸ் என்பார்கள். முதலில் சாப்பாடும் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்து ஒரு பார்சலைக் கொண்டுபோகச் சொல்வார்கள். வழியில் தங்களுடைய ஆளையே விட்டு அதைப் பறிக்க வைப்பார்கள். பிறகு "நீ எங்களுக்கு இவ்வளவு கடன்" என்று பிள்ளையைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். அந்தக் கடனை நீங்கள் காசு கொடுத்துத் தீர்க்கப் போனால், கொடுக்கிற வீடு இது என்று தெரிந்துகொண்டு திரும்பவும் கேட்பார்கள். கவுன்சிலின் சிறுவர் சேவைக்கு எடுத்து "என் பிள்ளையைச் சுரண்டுகிறார்கள்" என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள். 2015 நவீன அடிமைத்தனச் சட்டத்தின் கீழ் அவன் பாதிக்கப்பட்டவனாக இருக்கலாம் என்று அரசுக்குப் பரிந்துரைக்க அவர்களால் முடியும். பொலிஸுக்குப் பெயர் சொல்லப் பயமாக இருந்தால் கிரைம்ஸ்டொப்பர்ஸ் 0800 555 111, பெயர் சொல்லத் தேவையில்லை. பிள்ளையே தனியாகப் பேச சைல்ட்லைன் 0800 1111.

நம் ஆட்கள் உடனே சொல்வது, "நல்லா அடிச்சு ஊருக்கு அனுப்பு". அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டான், வேறொன்றும் மாறாது. ஊருக்கு அனுப்பினால் யாழ்ப்பாணத்திலும் வாள்வெட்டுக் குழுக்கள் இருக்கின்றன, படிப்பும் நடுவில் நிற்கும். சிறைக்குக் கூட்டிப்போய்க் காட்டிப் பயமுறுத்துவது, இராணுவப் பயிற்சி மாதிரி முகாமில் போடுவது இவை இரண்டும் குற்றத்தைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடக்கூடும் என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன.

பலன் கொடுத்தது என்ன என்று பார்க்க ஸ்கொட்லாந்துக்குப் போக வேண்டும். 2004-05இல் அங்கே ஒரே வருடத்தில் 137 கொலைகள், கிளாஸ்கோ கத்திக்குப் பேர் போன ஊராக இருந்தது. 2005இல் கேரின் மக்கிளஸ்கி, ஜோன் கார்னகன் என்ற இருவர் அங்கே பொலிஸுக்குள் வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கினார்கள். வன்முறை தொற்றுநோய் மாதிரிப் பரவுவது, அப்படித்தான் தடுக்கவும் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 2008இல் குழுக்களில் இருந்த பெடியங்களை நீதிமன்றத்துக்கே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பொலிஸ் எழுந்து "இனி ஒருவன் செய்தாலும் முழுக் குழுவையும் பிடிப்போம்" என்றது. அப்புறம் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் எழுந்து பேசினார். வெளியே வர விரும்புகிறவனுக்குப் படிப்பு, வேலை என்று உதவியும் காத்திருந்தது. மிரட்டலும் கைகொடுப்பும் ஒரே அறையில் இருந்ததால்தான் அது வேலை செய்தது என்று நான் நம்புகிறேன். அண்மைய வருடங்களில் அங்கே கொலைகள் வருடத்துக்கு 60க்கும் கீழே. லண்டனிலும் பெரிய விபத்துப் பிரிவுகளில், குத்துப்பட்டு வரும் பிள்ளையின் கட்டிலருகே போய்ப் பேச இளையோர் பணியாளர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அந்த நிலை வந்தால் "யூத் வேர்க்கர் இருக்கிறாரா" என்று நீங்களே கேளுங்கள்.

ஸ்கூலால் நிரந்தரமாக நிறுத்திவிட்டால் வெட்கத்தில் கடிதத்தை மடித்து வைக்காதீர்கள். ஸ்கூலுக்கு வெளியே விடப்பட்ட பிள்ளையைத்தான் குழுக்காரர் முதலில் தேடுவார்கள். 15 ஸ்கூல் நாட்களுக்குள் ஸ்கூல் நிர்வாகக் குழுவினரான கவர்னர்கள் கூடி அதைப் பரிசீலிக்க வேண்டும், நீங்கள் போய்ப் பேசலாம்.

முதலுதவியைக் குடும்பம் முழுக்கப் பழகுங்கள். "காலில் குத்தினால் ஒன்றும் ஆகாது" என்று பெடியங்கள் நம்புகிறார்கள்; தொடையில் பெரிய நாடி ஓடுகிறது, அது அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகும். 999 எடுத்து ஸ்பீக்கரில் போடுங்கள். ஆளைப் படுக்க வைத்து, துணியோ டீசேர்ட்டோ எடுத்துக் காயத்தின் மேல் இரண்டு கையாலும் முழுப் பாரத்தோடு அழுத்துங்கள், நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்க்காதீர்கள். கத்தி உள்ளே இருந்தால் இழுக்கவே கூடாது, அதன் இரு பக்கமும் அழுத்துங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள். பக்கத்தில் இரத்தம் நிறுத்தும் கிட் உள்ள பெட்டி இருந்தால் 999இல் இருப்பவர் சொல்வார்.

1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் லண்டனில் நம் பெடியங்களே குழுக்களாகப் பிரிந்து வாளும் கோடரியுமாக அடிபட்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரொறன்ரோவில் அதே பிரச்சினை வந்தபோது அங்கத்தைய தமிழ் இளையோரே 1998இல் தங்களுக்கென்று ஓர் இளையோர் மையம் தொடங்கினார்கள். இங்கே நமக்குக் கோயில் மண்டபங்களும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளும் நிறைய இருக்கின்றன. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இரண்டே இரண்டு விஷயம் கேளுங்கள்: வார நாளில் 4 மணியிலிருந்து 6 மணிவரை பிள்ளைகளுக்கு ஒரு அறை திறந்து விட முடியுமா, சுவரில் ஒரு இரத்தம் நிறுத்தும் கிட் மாட்ட முடியுமா?