அரிசிப் பையும் நாலடிக் குழாயும்: வீட்டிலேயே விஸ்கஸ் கப்ளிங் சோதனை

என் காடி 2002 லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டர், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. கோலாலம்பூர் செந்தூலில் வரிசை வீடு. பின் டிஃப்ரென்ஷியல், அதாவது பின் சக்கரம் இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, ஒரு தடவை போனது, பட்டறையில் மாற்றிக் கொடுத்தார்கள். எட்டே மாதத்தில் மாற்றியதும் போனது. இரண்டு தடவையும் வண்டிக்கடியில் நடுவில் தொங்கும் உருளையை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கோளாறு அங்கேதான் இருந்தது.

அந்த உருளைதான் விஸ்கஸ் கப்ளிங், முன்னிருந்து விசையைப் பின் சக்கரங்களுக்குக் கடத்தும் இணைப்பு. உள்ளே மெல்லிய தட்டுகள் அடுக்கியிருக்கும். ஒன்று விட்டு ஒன்றாக, பாதி உள் தண்டோடும் பாதி வெளிக்கூட்டோடும் சுற்றும். இடையில் பாகு மாதிரி சிலிக்கோன் எண்ணெய். மெதுவாகச் சுற்றினால் நழுவ விடும், வெடுக்கென்று சுற்றினால் பிடித்துக்கொள்ளும். ஃப்ரீலேண்டரில் முன்னுக்கும் பின்னுக்கும் பல்சக்கரக் கணக்கிலேயே ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசம் உண்டு. அதனால் நேர் ரோட்டில் போகும்போதும் உள்ளே கொஞ்சம் நழுவிக்கொண்டேதான் இருக்கும். வயதாக ஆக எண்ணெய் இறுகிப்போகும். நழுவ வழியில்லாத முறுக்கு முழுக்க டிஃப்ரென்ஷியல் தலையில் விழும்.

முதலில் செலவில்லாத சோதனை. சமதளமான, காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, எண்ணெய் (ஆக்சிலரேட்டர்) மிதிக்காமல் ரிவர்ஸில் விடுங்கள். வண்டி தானாக ஊர்ந்தால் சரி. யாரோ பிரேக் மிதித்த மாதிரி இழுத்துக்கொண்டு நின்றால் சந்தேகப்படலாம். கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தும் ஒருமுறை செய்து பாருங்கள்.

சந்தேகம் வந்தால் குழாய்ச் சோதனை. நான் ஞாயிற்றுக்கிழமை பசியாறுவதற்கு முன்பே, இரவெல்லாம் ஆறிக்கிடந்த வண்டியில் செய்வேன். ஓடிச் சூடான எண்ணெய் இளகிவிடும். இறுகிய கப்ளிங்கும் நல்லது மாதிரி நடிக்கும். போர்ச் வேண்டாம். மழைத் தண்ணீர் வடிவதற்காக ரோட்டுப் பக்கம் சரிவாகக் கட்டியிருப்பார்கள், வண்டி உருண்டுவிடும்.

முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முதல் கியரில் போட்டு என்ஜினை அணையுங்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம். அப்புறம் ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு, கப்ளிங் செத்தே போச்சு என்று நான் அரை மணி நேரம் புலம்பியிருக்கிறேன்.

சக்கரத்தின் நடு மூடியைக் கழற்றினால் ஹப் நட், அதாவது சக்கரத்தின் நட்டநடுவில் இருக்கும் பெரிய நட், தெரியும். அதில் சாக்கெட், நீளக் கைப்பிடி, அதன்மேல் குழாய், மொத்தம் 1.2 மீட்டர். என்னிடம் இருப்பது செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அப்பா விட்டுப்போன நாலடிக் குழாய். சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து, ஒன்றரை மணி முள் நிற்கும் இடத்தில் குழாயை நிறுத்துங்கள். நுனியில் 5 கிலோ அரிசிப் பையைக் கட்டித் தொங்கவிட்டு, 3 மணிக்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று கைத்தொலைபேசியில் பாருங்கள். குழாய் வலப்பக்கம் இறங்குவதால் நட் இறுகும் திசையில்தான் சுற்றும், கழன்றுவிடாது. குழாய்க்குக் கீழே காலை மட்டும் நீட்ட வேண்டாம்.

என் பழைய கப்ளிங்கில் நாலு நிமிடம் தாண்டியும் குழாய் பாதி வழிகூட வரவில்லை. புதுப்பித்த கப்ளிங் போட்ட மறுவாரம், அதே குழாய், அதே எடை: 22 விநாடி. ஆனால் என் கணக்கை உங்கள் வண்டிக்கு அப்படியே ஒட்ட வைக்காதீர்கள். வெள்ளைக்காரர்கள் சொல்லும் விநாடிக் கணக்கும் குளிரில் பார்த்தது. நம் ஊர் விடிகாலை வெயில் வராத நேரத்திலும் 25 டிகிரி, எண்ணெய் அங்கே இருப்பதைவிட இளக்கமாகத்தான் இருக்கும். நல்ல நிலையில் இருக்கும்போதே உங்கள் வண்டியின் விநாடியைத் தேதியோடு குறித்துவைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். ஏறிக்கொண்டே போனால் இறுகுகிறது. மாறாக, பையை விட்டதும் குழாய் தடையே இல்லாமல் மடமடவென்று விழுந்தால் எண்ணெய் ஒழுகியிருக்கலாம்.

முடிவு மோசமாக வந்தால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பின் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒன்றைக் கையால் மெதுவாகச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். இதில் கப்ளிங்குக்கு வேலையே இல்லை. இங்கேயும் முரண்டு பிடித்தால் குறை பிரேக்கில் இருக்கலாம்.

டயர் நாலும் ஒரே அளவு, ஒரே பிராண்டாக இருக்கட்டும். இரண்டு மட்டும் வாங்க முடிந்தால் புதியதைப் பின்னால் போடுங்கள். வெட்டிய பழைய வண்டிகளின் சாமான் விற்கும் ஹாஃப்கட் கடையில் பழைய கப்ளிங் மலிவாகக் கிடைக்கும். அதன் வயது யாருக்குத் தெரியும்? புதுப்பித்தது கைக்கு வரும்வரை, ஃப்ரீலேண்டர் என்றால் புரோப்பெல்லர் ஷாஃப்டை (முன்னிருந்து பின் டிஃப்ரென்ஷியலுக்குப் போகும் நீளத் தண்டு) கப்ளிங்கோடு முழுதாக இறக்கிவிட்டு முன்சக்கர வண்டியாக ஓட்டலாம். நான் மூன்று வாரம் அப்படித்தான் ஓட்டினேன். கப்ளிங் நடு டிஃப்ரென்ஷியலுக்குள் இருக்கும் மேனுவல் சுபாருவில் இந்த வேலை வேண்டாம்.