மனித மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை நீள்வாசிப்பு முறையில் படித்துக் கோப்பது எப்படி?

மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. 16,569 காரச்சோடிகளும் 37 மரபணுக்களும் கொண்ட வளையமாகும். நீண்ட டி.என்.ஏ. துண்டுகளைத் தொடர்ச்சியாகப் படிக்கும் நானோபோர், பேக்பயோ கருவிகள் அந்த நீளத்தை ஒரே வாசிப்பில் கடந்துவிடும் என்பதால், வளையத்தை ஓரிடத்தில் மட்டும் திறந்து, சிதையாமல் படிப்பதே சிறந்த வழி. உட்கருவின் குரோமோசோம்களில், பண்டைக் காலத்தில் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சென்று ஒட்டிக்கொண்ட 'நம்ட்' எனப்படும் பிரதிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சிறு துண்டுகளாகப் படிக்கும் குறுவாசிப்புகளில் இவை உண்மையான பிறழ்வுகளைப் போலவே தோற்றமளிக்கும். முழு நீள வாசிப்பிலோ பெரும்பாலும் எளிதில் பிரிந்துவிடும்.

எந்தத் திசுவிலிருந்து மாதிரி எடுப்பது என்பதை முதலில் யோசியுங்கள். நோய் உண்டாக்கும் 3243ஆம் இடத்துப் பிறழ்வைக் கொண்ட வளையங்களின் விகிதம் இரத்தத்தில் வயதோடு குறைந்துகொண்டே வருவதால், பெரியவர்களிடம் சிறுநீர்ச் செல்களே நம்பத்தக்கவை.

டி.என்.ஏ.வின் நீண்ட பகுதியைப் பல பிரதிகளாகப் பெருக்கும் நீள் பி.சி.ஆர். முறை வேகமானது என்றாலும், குட்டையான மூலக்கூறுகளையே அது அதிகமாகப் பெருக்கும். அதனால் நீக்கங்களின் (ஒரு பகுதி விடுபட்ட வளையங்களின்) விகிதம் மிகைப்பட்டுத் தெரியும். நோயறிதலுக்காகச் செய்வதானால் பெருக்காமல் படிப்பதையே பரிந்துரைப்பேன். எக்சோநியூக்ளியேஸ் V நொதி நேர்கோட்டு உட்கரு டி.என்.ஏ.வைச் செரித்துவிட, வளையங்கள் எஞ்சும். பிறகு பாம்எச்1 நொதி, இடங்களை எண்ணப் பயன்படும் பொதுவான ஒப்பீட்டு வரிசையின்படி, 14258 அருகே ஒரே ஒரு வெட்டுப் போட்டு வளையத்தைத் திறக்கும். அந்த இடத்திலேயே பிறழ்வு உள்ளவரின் வளையம் திறக்காது என்பதால், விளைச்சல் மிகக் குறைந்தால் வேண்டிய இடத்தில் வெட்டச் செய்யக்கூடிய காஸ்9 நொதி கொண்டு வேறோர் இடத்தில் வெட்டிப் பாருங்கள்.

வாசிப்புகள் வந்ததும், மினிமேப்2 மென்பொருள் கொண்டு மைட்டோகாண்ட்ரியாவோடு மட்டுமன்றி முழு மரபணுத் தொகுதியோடும் பொருத்துங்கள். இல்லாவிட்டால் நம்ட் வாசிப்புகளும் போக வேறிடமின்றி மைட்டோகாண்ட்ரியாவின் மேலேயே வந்து அமரும். வாசிப்பு நீளங்களின் வரைபடத்தை, எதையும் வடிகட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். 16.6 கிலோகாரத்தில் (ஒரு கிலோகாரம் ஆயிரம் காரங்கள்) எழும் முகட்டோடு 11.6 அருகே இன்னொரு முகடும் தெரிந்தால், அது பெரும்பாலும் 4,977 காரச்சோடிகள் விடுபட்ட, பலரிடமும் காணப்படும் நீக்கம்தான். நீளத்தை வைத்து முன்கூட்டியே வடிகட்டினால் நோயின் காரணமே குப்பைக்குப் போய்விடும்.

கோர்ப்பதற்கு 15 கிலோகாரத்துக்கு மேற்பட்ட வாசிப்புகளிலிருந்து இருநூறு மடங்கு ஆழத்துக்கு (ஒவ்வோர் இடமும் சுமார் இருநூறு முறை படிக்கப்படும் அளவுக்கு) உரியவற்றை மட்டும் எடுத்து ஃப்ளை என்ற கோர்ப்பு மென்பொருளில் கொடுங்கள்; பல்லாயிரம் மடங்கு ஆழம் கோர்ப்பியைக் குழப்பும். வாசிப்புகள் எல்லாம் வெட்டிய இடத்திலேயே தொடங்கி அங்கேயே முடிவதால், கிடைப்பது நேர்கோட்டுத் தொடராகத்தான் இருக்கும். வெட்டுக்குத் தப்பி, வேறெங்கோ தற்செயலாக உடைந்த சில மூலக்கூறுகளின் வாசிப்புகள் அந்த இணைப்பைத் தாண்டிச் செல்கின்றனவா என்று பார்த்த பிறகே முனைகளைச் சேர்க்க வேண்டும். அதன்பின், திருத்தப்பட்ட கேம்பிரிட்ஜ் ஒப்பீட்டு வரிசையின் முதல் இடத்திலிருந்து தொடங்குமாறு வளையத்தைச் சுழற்றுங்கள். அவ்வரிசையில் 3107ஆம் இடம் எண்களைக் காப்பதற்கான வெற்றிடமே. அங்கே தெரியும் 'நீக்கம்' பிறழ்வு அன்று.

சி என்ற எழுத்தே பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும், 303 முதல் 315 வரையுள்ள சி-தொடரில், நானோபோர் காட்டும் ஓரெழுத்து ஏற்ற இறக்கங்களை இரு இழைகளிலும் சரிபார்க்காமல் அறிக்கையில் எழுதக் கூடாது. இறுதியாக வரிசையை, தாய்வழிக் குழுவைக் கண்டறியும் ஹாப்லோகிரெப் மென்பொருளில் இட்டுப் பாருங்கள். ஒரே மாதிரியில் இரண்டு தாய்வழிக் குழுக்களின் அடையாளங்கள் கலந்திருந்தால், மாசுபட்டிருக்கக்கூடும் என்று கருதி டி.என்.ஏ. பிரித்தெடுப்பிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.